அகற்றச் சொன்னவரே சாட்சி: ஆயர்களின் ஆய்வுப் பதிவேடுகளும் மறைந்துபோன பேராலயங்களும்

கேள்வி இதுதான்: "எரிந்தோ, இடிந்தோ, மாற்றிக் கட்டப்பட்டோ போன ஐரோப்பியப் பேராலயங்களின் (ஆயர்களின் தலைமைக் கோவில்களின்) உட்புறத்தை, ஒரு படம்கூட இல்லாதபோது, 'இந்தத் தூணருகே இன்ன புனிதரின் பீடம் இருந்தது' என்று வரலாற்றாளர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? ஆயர்கள் (பிஷப்புகள்) ஆய்வுக்கு வந்தபோது எழுதிய பதிவேடுகள்தாம் ஆதாரம் என்கிறார்கள். அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?"

நம்பலாம். ஆனால் எழுதியவர் எதற்காக உள்ளே வந்தார் என்பதை மறந்துவிட்டு நம்பக் கூடாது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள். வந்த அதிகாரி, மூன்றாம் வகுப்பில் ஓடு ஒழுகுகிறது, தண்ணீர்ப் பானைக்கு மூடி இல்லை, வருகைப் பதிவேட்டில் இரண்டு நாள் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று எழுதுவார். வாசலில் நிற்கும் வேப்பமரத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. பள்ளியும் போய் மரமும் போய், அந்த அறிக்கை மட்டும் ஒருவர் கையில் கிடைத்தால், அவர் மனத்தில் எழும் பள்ளிக்கூடம் ஒழுகும் ஓடும் மூடியில்லாத பானையுமாகத்தான் இருக்கும். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. பேராலயப் பதிவேடுகளின் சிக்கலும் இதேதான்.

ஆயர் தம் மறைமாவட்டத்து, அதாவது தம் ஆளுகைக்கு உட்பட்ட பகுதியின், கோவில்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் மிகப் பழையது. 906-ஆம் ஆண்டு வாக்கில், ப்ரூம் மடத்தின் தலைவராக இருந்த ரெஜினோ என்பவர், ஆயர்கள் கையோடு எடுத்துப்போக ஒரு கேள்விப் பட்டியல் தொகுத்துக் கொடுத்தார். ஊர்க் குருவைப் பற்றி விசாரிக்க வேண்டியவை மட்டும் 96 கேள்விகள். கோவிலின் கூரை ஒழுங்காக வேயப்பட்டிருக்கிறதா, புறாவோ வேறு பறவையோ உள்ளே கூடு கட்டி எச்சமிட்டு வைத்திருக்கிறதா என்பது அவற்றுள் ஒன்று. ஆயிரத்து நூறு ஆண்டாகக் கோவில்காரர்களுக்கும் புறாக்களுக்கும் இடையே சமாதானம் ஏற்படவில்லை என்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருக்கிறது.

ஆனாலும் இடைக்காலப் பதிவேடுகளில் பொருளைவிட மனிதர்களே அதிகம். பிரான்சில் ரூவான் நகரத்துப் பேராயர் ஊத் ரிகோ, 1248 முதல் 1269 வரை தாம் போன இடங்களையெல்லாம் நாட்குறிப்புப் போலப் பதிந்து வைத்தார். அவருடைய சொந்தப் பேராலயத்துக் கானன்கள், அதாவது பேராலயத்துக்கென்றே உள்ள குருக்கள் குழுவினர், பாடல் வேளையில் அரட்டை அடிக்கிறார்கள், கோவிலுக்குள் உலாவிக்கொண்டு பெண்களோடு பேசுகிறார்கள் என்றெல்லாம் அதில் வருகிறது. படிக்கச் சுவையானது. அந்தப் பேராலயத்தின் உட்புறத்தை மனத்தில் கட்டியெழுப்ப அதிலிருந்து பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

நிலைமை மாறியது, புராட்டஸ்டன்ட் பிரிவினருக்குப் பதில் சொல்லக் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகு. 1563 நவம்பரில் அந்தச் சங்கத்தின் 24-ஆவது அமர்வு, ஆயர்கள் தம் மறைமாவட்டம் முழுவதையும் ஆண்டுதோறும் பார்வையிட வேண்டும், பெரியதானால் இரண்டு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. புராட்டஸ்டன்ட் பிரிவினர் கேள்வி கேட்ட விஷயங்கள் எல்லாமே பொருள்களாகக் கண்ணுக்கு முன் நின்றன: நற்கருணை (கிறிஸ்துவின் உடலாக வணங்கும் அப்பம்), பீடம், புனிதர்களின் திருப்பண்டங்கள் (எலும்பு, உடை போன்றவை), சுரூபங்கள். ஆகவே வந்தவர்கள் பொருள்களை எண்ண ஆரம்பித்தார்கள். அந்தப் பழக்கத்தால்தான் நமக்கு இவ்வளவு ஆதாரம்.

எண்ணிய முறை முக்கியம். ஆயர் உள்ளே வந்ததும் முதலில் நற்கருணைக்கு வணக்கம் செலுத்துவார். பேழைக்குப் பூட்டு உண்டா, உள்ளே பட்டு விரித்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு ஞானஸ்நானத் தொட்டி, புனித எண்ணெய்ச் சிமிழ்கள், திருப்பண்டங்கள். அதன்பின் பெரிய பீடம். அங்கிருந்து பக்கப் பீடங்கள் ஒவ்வொன்றாக. கடைசியில் குருக்கள் உடை மாற்றும் அறை, பூசைப் பாத்திரங்கள், கல்லறைகள், மணிக்கூண்டு. சுவிசேஷப் பக்கம், நிருபப் பக்கம் என்று நம் பழைய பூசைப் புத்தகங்களில் வருமே, அதே சொற்களால்தான் திசையும் குறிக்கப்படும்: பீடத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் சுவிசேஷம், வலப்பக்கம் நிருபம். எழுத்தர் பின்னாலேயே நடந்து எழுதியதால், பதிவில் உள்ள வரிசையே நடந்த வழி. கட்டடத்தின் தரைப்படம் ஒன்று மட்டும் கிடைத்துவிட்டால், பீடங்களை அதில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகலாம். "இந்தத் தூணருகே" என்று வரலாற்றாளர் துணிந்து சொல்வது பெரும்பாலும் இப்படித்தான்.

இதில் ஒரு முரண். ஊர்க்கோடியில் இருக்கும் சின்னக் கோவில்களுக்குக் கிடைக்கும் பதிவுகள் பேராலயத்துக்குச் சில இடங்களில் கிடைக்காது. காரணம் கானன்கள். "எங்களை ஆய்வு செய்ய ஆயருக்கு அதிகாரம் இல்லை, எங்கள் ஒழுங்கை நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்று பல பேராலயக் குழுக்கள் சொல்லிவந்தன. இங்கிலாந்தில் லிங்கன் ஆயர் ராபர்ட் கிராஸ்டெஸ்ட் தம் பேராலயத்தைப் பார்வையிடப் போய் 1239-இல் தொடங்கிய வழக்கு, 1245-இல் திருத்தந்தை (போப்) நான்காம் இன்னொசென்ட் ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகே முடிந்தது.

பேராலயம் இல்லாவிட்டாலும் இதற்கு மிஞ்சிய கதை மிலானில் இருக்கிறது. 1569-இல் பேராயர் கார்லோ பொரோமேயோ, அரச ஆதரவில் இருந்த சாந்தா மரியா தெல்லா ஸ்காலா என்ற கோவிலைப் பார்வையிடச் சிலுவை ஏந்தி வந்தார். அங்கிருந்த கானன்கள் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு கதவை மூடினார்கள். சுட்டார்கள், சிலுவையில் குண்டு பட்டது. அன்று ஆய்வு நடக்கவில்லை. இரண்டு நூற்றாண்டு கழித்து அந்தக் கோவிலையே இடித்துவிட்டு, 1778-இல் அந்த இடத்தில் ஓர் இசை நாடக அரங்கைத் திறந்தார்கள். உலகமே அறிந்த லா ஸ்காலா அரங்கம் அதுதான். கோவிலின் பெயர்தான் அரங்கின் பெயர்.

பொரோமேயோவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், உங்கள் கேள்விக்கான விடையின் நடு முடிச்சு அவரிடம்தான். கோவில் எப்படிக் கட்டப்பட வேண்டும், உள்ளே என்ன எங்கே இருக்க வேண்டும் என்று 1577-இல் விதிகளாகவே வெளியிட்டார். நற்கருணைப் பேழை பெரிய பீடத்தின்மேல். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு நடுவில் கம்பித் தடுப்பு. நடுக்கூடத்தில் ஆண்களையும் பெண்களையும் பிரிக்க மரத் தடுப்பு. ஆர்கனுக்கு அடியிலும் பிரசங்க மேடைக்கு அடியிலும் தூணோடு ஒட்டியும் பீடம் கூடாது. ஆய்வுக்குப் போகும் இடமெல்லாம் இந்த அளவுகோலைத்தான் எடுத்துப்போனார். பழைய கோவில்களில் தூணுக்குத் தூண் பீடம் இருந்தது. குடும்பத்துக்கு ஒன்று, கைவினைஞர் சங்கத்துக்கு ஒன்று. விதிக்கு ஒத்துவராத பீடம் எதுவோ, அதற்குத்தான் பதிவில் விவரம் கூடுதல்: எங்கே இருக்கிறது, யாருடையது, அகலம் எத்தனை, எந்தக் காரணத்தால் பொருந்தவில்லை. கடைசி வரி, "அகற்றப்பட வேண்டும்".

ஒழுங்காக இருந்த பீடத்துக்கோ ஒரே சொல்தான், "தகுதியாக உள்ளது" என்ற பொருள் தரும் ஒரு லத்தீன் வினையடை. அழகான ஓவியம், பளிங்குச் சிற்பம், தங்க முலாம் எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் புதைந்துவிடும். ஆக, எதை வெளியேற்ற வேண்டும் என்று எண்ணினார்களோ அதைத்தான் நன்றாக விவரித்தார்கள். காணாமற்போன பீடத்தைப் பற்றி நமக்குத் தெரிகிறதென்றால், பல நேரம் அது காணாமற்போகக் காரணமானவரே நமக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மிலான் பேராலயத்தில் இது கண்கூடு. மிலானை ஆண்ட விஸ்கோந்தி, ஸ்ஃபோர்ட்சா வம்சத்துப் பிரபுக்களின் சவப்பெட்டிகள் அங்கே தூண்களுக்கிடையே உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே செத்துப்போன அரசர்கள். பொரோமேயோ எல்லாவற்றையும் இறக்கினார். இன்று அந்தக் கோவிலுக்குள் போகிறவர் காணும் ஓங்கிய வெற்றுவெளி கோதிக் கொத்தர்கள் மட்டும் தந்தது என்று நினைத்தால் பாதிதான் சரி. மறுபாதி பொரோமேயோ காலி செய்து தந்தது.

இந்தப் போக்கின் எல்லை எது என்று பார்க்க வேண்டுமானால் கத்தோலிக்க உலகைவிட்டு வெளியே வர வேண்டும். இங்கிலாந்து உள்நாட்டுப் போரின்போது வில்லியம் டௌசிங் என்பவர், கோவில்களில் உள்ள 'மூடநம்பிக்கைச் சின்னங்களை' அழிக்க 1643 டிசம்பரில் நியமனம் பெற்று, போன இடமெல்லாம் குறிப்பு எழுதினார். சஃபோக்கில் கிளேர் என்ற ஊரில் 1644 ஜனவரியில் ஆயிரம் படங்களை உடைத்தோம், அதில் இருநூறை நானே உடைத்தேன் என்று கணக்குச் சொல்கிறார். பிதாவின் உருவம் மூன்று, கிறிஸ்துவின் உருவம் மூன்று, புறா வடிவில் பரிசுத்த ஆவி மூன்று. கூரைமேல் மரத்தில் செதுக்கிய பன்னிரண்டு அப்போஸ்தலர்களை இறக்கச் சொல்லியிருக்கிறோம் என்கிறார். உடைப்பதற்கு முன் எண்ணினார். அந்த எண்ணிக்கையால் அந்தக் கோவிலில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரிகிறது. அதே குறிப்பில், கிழக்குச் சன்னலில் இருக்கும் சூரியனையும் சந்திரனையும் இறக்க வேண்டும் என்றும் ஆணை உண்டு. அந்தச் சூரியனும் சந்திரனும் இன்றும் அந்தச் சன்னலில்தான் இருக்கின்றன.

இதில் புதிதாகப் படிக்க வருபவர்கள் வழுக்கி விழும் இடம் இருக்கிறது. ஆணை வேறு, நிறைவேற்றம் வேறு. "ஆறு மாதத்துக்குள் இடிக்கப்பட வேண்டும்" என்று 1575-ஆம் ஆண்டுப் பதிவில் இருந்தால், 1576-இல் அந்தப் பீடம் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. அடுத்த ஆயர் வந்தபோது எழுதியதைப் பாருங்கள். அதே பீடத்தை அகற்றும்படி அதே ஆணை மறுபடி இருந்தால், நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் முறையும் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஊரில் செல்வாக்கு அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு பதிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவு சொல்பவரை நான் நம்புவதில்லை. குறைந்தது மூன்று வருகைகளாவது வேண்டும். இன்னொரு பக்கம், பதிவே முந்தைய பதிவைப் பார்த்து எழுதப்பட்டதாகவும் இருக்கலாம்; நேரமில்லாத எழுத்தர் என்ன செய்வார் என்று அலுவலகம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய பதிவில் இருந்த பிழை உட்பட அப்படியே திரும்ப வந்தால் அங்கே எச்சரிக்கை.

ஓவியர் யார் என்று பதிவேட்டில் தேடுவதும் பெரும்பாலும் வீண். வந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. படம் பழையதா, கிழிந்திருக்கிறதா, பக்திக்கு இடைஞ்சலாக ஏதாவது வரைந்திருக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் பீடத்துக்கு உரிமைக்காரர் யார், அதற்கு என்ன சொத்து எழுதிவைத்திருக்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை பூசை கடன் என்று மறக்காமல் கேட்பார்கள். பணம் சம்பந்தப்பட்டதாயிற்றே. அந்தக் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு நகரத்துப் பத்திர எழுத்தர்களின் கட்டுகளில் தேடினால், ஓவியரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் கிடைக்கலாம். அதில் விலையும் அளவும், எந்த நீலம் பூச வேண்டும் என்பதும்கூட இருக்கும். இரண்டையும் சேர்த்த பிறகே, சுவரில் நின்ற படம் எது, இன்று எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் எந்தப் பலகை அதன் துண்டு என்ற பேச்சுக்கே வர முடியும்.

ஆயர் வருவதற்கு முன்பே கோவில்காரர்கள் எழுதித் தயாராக வைத்திருக்கும் பொருள் பட்டியலையும் விட்டுவிடாதீர்கள். கோவில் நகைச் சரிபார்ப்பு நடக்கும்போது நம் ஊரில் எடை, கல், யார் காணிக்கை என்று வாசிப்பார்களே, அப்படி. லண்டனில் பழைய புனித பவுல் பேராலயத்தில் 1295-இல் தலைமைக் குரு ரால்ஃப் பால்டாக் நடத்திய ஆய்வின் பட்டியல் அந்த வகை. சிலுவைகள், பூசை உடைகள், மிட்டர்கள் எனும் ஆயரின் தலையணிகள், நூல்கள் என்று இனம் இனமாகப் போகிறது. அதை வில்லியம் டக்டேல் 1658-இல், வென்செஸ்லாஸ் ஹாலரின் செதுக்குப் படங்களோடு அச்சிட்டார். எட்டே ஆண்டில், 1666-இல், லண்டன் பெருந்தீ பேராலயத்தை விழுங்கியது. அங்கே நமக்கு அதிர்ஷ்டம்: உள்ளேயிருந்த பொருளுக்குப் பட்டியல், கட்டடத்துக்குப் படம், இரண்டும் தப்பின. இருந்தாலும் 1295-ஆம் ஆண்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 1658-ஆம் ஆண்டுப் படத்துக்குள் பொருள்களை அடுக்கினால், நடுவில் வந்த புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை மறந்தவராவீர்கள்.

மால்டாவின் முதீனா பேராலயம் வேறு மாதிரி. 1693 ஜனவரி 11-ஆம் தேதி நிலநடுக்கத்தில் பழைய கோவில் பெருஞ்சேதம் அடைந்தது. லொரென்சோ காஃபா கட்டியதுதான் இப்போது நிற்பது. பழையதைப் பற்றிப் பேச, 1575-இல் ரோமிலிருந்து அனுப்பப்பட்டு வந்த பியெத்ரோ துசினாவின் பதிவும், பின்வந்த ஆயர்களின் பதிவுகளும் கைகொடுக்கின்றன. கதவில்லை, தரையில்லை, கூரையில்லை என்று கிராமத்துச் சிற்றாலயங்களைத் துசினா வரிசையாக மூடச் சொன்னவர், கறாரான கண். முதீனாவில் அந்தப் பதிவுகளைச் சரிபார்க்க உயிருள்ள சாட்சிகளும் உண்டு. பழைய வாசற்கதவு இன்று உடை மாற்றும் அறையின் வாசலில் இருக்கிறது. பெரிய பீடத்தை அலங்கரித்த புனித பவுலின் பலகை ஓவியத் தொகுதி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்கு நெருக்கமானது வட இத்தாலியின் பெர்கமோ. அந்த ஊருக்கு இரண்டு பேராலயங்கள்: புனித வின்சென்ட், புனித அலெக்சாந்தர். இரண்டு கானன் குழுக்களுக்கும் யார் பெரியவர் என்று ஓயாத சண்டை. ஊர் வெனிஸ் குடியரசுக்கு உட்பட்டது. திருச்சபை நிர்வாகத்தில் மிலானைச் சேர்ந்தது. 1561-இல் வெனிஸ்காரர்கள் புதிய கோட்டைமதில் கட்ட அலெக்சாந்தர் பேராலயத்தை அடியோடு இடித்தார்கள். அதன் கானன்கள் புனிதரின் எலும்புகளைத் தூக்கிக்கொண்டு எதிரிகளின் வின்சென்ட் கோவிலுக்கே குடிவந்தார்கள். வீடு இழந்தும் சண்டை போகவில்லை. இரு குழுக்களும் ஒன்றானது 1689-இல்தான். 1575 இலையுதிர்காலத்தில் பொரோமேயோ திருத்தந்தையின் பெயரால் ஆய்வுக்கு வந்தபோது நிலைமை இப்படி இருந்தது. அதே சமயத்தில் ஜெரோலமோ ராகட்சோனி என்ற ஆயர் பொரோமேயோவின் மிலானை ஆய்வு செய்துகொண்டிருந்தார்; 1577-இல் அவரே பெர்கமோவின் ஆயரானார். ஒருவர் வீட்டை இன்னொருவர் சோதித்த கதை.

பெர்கமோ ஆய்வின் ஆவணங்கள் 39 கட்டுகள். 1906-இல் அவற்றை மிலான் பேராயர் இல்லத்து ஆவணக் காப்பகத்தில் கண்டவர், பெர்கமோ ஆயரின் செயலாளராக இருந்த இளம் குரு ஆஞ்செலோ ரொன்காலி. அவருக்குக் கைகொடுத்தவர் மிலானின் அம்புரோசிய நூலகத்தின் அக்கிலே ராத்தி, பிற்காலத்துத் திருத்தந்தை 11-ஆம் பயஸ். முதல் பகுதி அச்சானது 1936-இல். பல்கேரியா, துருக்கி, பாரிஸ், வெனிஸ் என்று பதவி மாறிப் போன இடமெல்லாம் இந்த வேலையும் கூடவே போனது. ஐந்தாவது, கடைசிப் பகுதி 1957-இல் வந்தது. மறு ஆண்டு அக்டோபரில் ரொன்காலி திருத்தந்தை 23-ஆம் யோவான் ஆனார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டியவர், திரெந்து சங்கத்தின் ஆணைகள் ஊர் ஊராக எப்படி நடைமுறைக்கு வந்தன என்பதில் அரை நூற்றாண்டு ஊறிக் கிடந்தவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பொரோமேயோ பார்த்த வின்சென்ட் கோவிலும் இன்று அப்படியே இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்லோ ஃபொந்தானாவின் திட்டப்படி மாற்றிக் கட்டினார்கள். ஆனால் அந்தக் கோவிலே, 15-ஆம் நூற்றாண்டில், அதைவிடப் பழைய கோவிலின்மேல் எழுந்தது. 2004-இல் தொடங்கிய அகழாய்வில், இன்றைய தரைக்கு அடியில் 5-ஆம் நூற்றாண்டுக் கோவிலின் மொசைக் தரையும், அதற்குப் பின்வந்த, ரோமனெஸ்க் எனும் இடைக்காலப் பாணிக் கோவிலில் பீடப் பகுதியை மறைத்து நின்ற தடுப்புச்சுவரும், அதன்மேல் வண்ணம் மாறாத சுவரோவியங்களும் வெளிப்பட்டன. 1575-இல் வந்தவர்கள் நடந்தது இந்த ஓவியங்களின் தலைக்கு மேலே. பதிவேட்டில் எத்தனை முறை தேடினாலும் அவை வராது, எழுதியவருக்கே தெரியாதே.

நீங்களே படிக்கத் தொடங்குவதாக இருந்தால், ரொன்காலியின் அச்சுப் பதிப்புப் போல் ஏற்கெனவே எழுத்துப்பெயர்த்ததிலிருந்து ஆரம்பியுங்கள். 16-ஆம் நூற்றாண்டு எழுத்தர்களின் சொற்சுருக்கங்கள் கண்ணைப் பறித்துவிடும். ஆணைகள் இருக்கும் பகுதியை முதலில் படியுங்கள், பிறகு விவரிப்பு, அப்புறம் அடுத்த வருகையின் ஆணைகள். "தகுதியாக உள்ளது" என்று வரும் பீடங்களைத் தனித்தாளில் குறித்து வையுங்கள். ஓவியங்களைத் தேடப்போவது அங்கேதான்.